சும்மா கிடக்கிற சங்கு

டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்ததும் புத்தம் புதிய வெப்சைட் கட்டப் போகிறோம் என்றுதான் நாமெல்லாம் கனவு காண்கிறோம். நானும் அப்படித்தான். ஆனால் பெரும்பாலும் கைக்கு வருவது யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன பழைய புரோகிராம். "அது பாட்டுக்கு ஓடுது, கை வைக்காதே" என்பார்கள். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்ற பயம்!

நாம் சும்மா இருந்தாலும் காலம் சும்மா இருக்குமா? அமெரிக்காவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பராமரிக்கும் அமைப்புகளில் ஒன்று அந்நாட்டுக் கடற்படை வானாய்வகம். 2000 ஜனவரி 1 அன்று அதன் இணையப் பக்கமே ஆண்டை 19100 என்று காட்டியது! இதே கோளாறு அன்று வேறு பல பக்கங்களிலும் தலைகாட்டியது. ஜாவாஸ்கிரிப்டில் 'கெட்இயர்' என்று ஒரு ஃபங்ஷன். ஆண்டைக் கேட்டால் 1900-ஐக் கழித்துச் சொல்லும். 1999-ல் 99 வரும். முன்னால் 19 ஒட்டினால் சரி. 2000-ல் 100 வந்தது, ஒட்டினால் 19100! ஃபங்ஷன் தன் கணக்கில் தப்பவில்லை. புத்தாண்டு என்ற சூழ்நிலையில் வைத்துத்தான் யாரும் அதைப் பார்க்கவில்லை.

நம் ஒர்க்‌ஷாப் கதையும் இதுதானே? வெர்னியரில் அளந்தால் ஷாஃப்ட் சரியாக இருக்கும். லோடு கொடுத்து ஓட்டினால்தான் பேரிங் சூடாவது தெரியும்.

ஆகவே பழைய பாகத்தைக் கதை சொல்லிச் சோதிக்க வேண்டும். மூன்றே கேள்விதான்: என்ன நிலைமை? ஆள் என்ன செய்கிறார்? என்ன நடக்க வேண்டும்? உதாரணம் பாருங்கள். மார்க்‌ஷீட்டில் பெயரும் ஓர் எழுத்து இனிஷியலும் மட்டுமே உள்ள மாணவி, கடைசி நாள் இரவில் ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்புகிறாள். குடும்பப் பெயர் கட்டத்தில் அந்த ஓரெழுத்தைப் போட்டு அனுப்புகிறாள். படிவம் ஏற்க வேண்டும். "குறைந்தது இரண்டு எழுத்து தேவை" என்று அந்தக் கட்டம் மறித்தால்? நமக்கு அது ஒரு பிழைச் செய்தி. அவளுக்கோ ஒரு வருடப் படிப்பு!

சோதனை இல்லாத புரோகிராம்தான் 'பழைய' புரோகிராம் என்று மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் வெளிவந்த தம் நூலில் சொல்கிறார். வயது ஒரு பொருட்டே அல்ல! எனவே திருத்துமுன், இன்று அது எந்தச் சூழ்நிலையில் என்ன செய்கிறது என்பதை, நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுதி வையுங்கள். திருத்திய பின் அதே கதைகளை மறுபடி ஓட்டுங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

அப்படிப் பத்துக் கதை கையில் இருந்தால், சங்கைத் தைரியமாக எடுத்து ஊதலாம் நண்பர்களே!