தோஹாவிலிருந்து வந்த பந்து

கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், எல்ல நிலையம் வந்ததும் பாதிப் பெட்டி காலியாகிவிடும். எல்லோருக்கும் 1921 இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கும் அவசரம். மிச்சமிருப்பவர்கள், தெமோதரையில் பாதை வளைந்து சுற்றி அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைவதைத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் உடுவர. அதற்கடுத்தது எங்கள் ஹாலிஎல. இன்னும் ஒரு நிலையம் போனால் பதுளை. 1924 இல் வெள்ளைக்காரன் போட்ட பாதை அங்கே முடிகிறது. எங்கள் ஊரில் படம் பிடிக்க யாரும் இறங்குவதில்லை.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்கு என் தங்கை, கணவரோடும் பிள்ளைகளோடும் தோஹாவிலிருந்து வந்து இறங்கினாள். மூத்தவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் கத்தாரில். அவன் கையில் உடுப்புப் பெட்டி இல்லை, ஒரு பந்து இருந்தது. விமானத்தில் காற்றை இறக்கச் சொன்னார்களாம், வந்தவன் உம்மும்மாவுக்கு ஸலாம் சொன்ன கையோடு, "மாமா, இங்கே காற்றடிக்கும் பம்ப் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான்.

2022 உலகக் கிண்ணம் கத்தாரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். எட்டு மைதானங்கள். அவற்றில் ஒன்றைக் கப்பலில் சரக்கேற்றும் 974 கொள்கலன்களால் கட்டியிருந்தார்கள். நாட்டின் தொலைபேசிக் குறியீடும் அதே எண்தான். அந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு உதைபந்துப் பைத்தியம் பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். மொரோக்கோ அணி அரையிறுதிக்கு வந்தது. ஓர் ஆபிரிக்க நாடோ அரபு நாடோ அதுவரை அந்த இடத்தைத் தொட்டதில்லை. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். அஷ்ரப் ஹக்கீமி மட்ரிட் நகரில் பிறந்தவர். அவருடைய தாயார் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர். வெற்றி பெற்ற பிறகு அவர் ஓடிப்போய்த் தாயை முத்தமிட்ட படத்தை என் தங்கை கைத்தொலைபேசியில் இன்னும் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு அது வெறும் படமல்ல. கல்யாணமாகிக் கத்தாருக்குப் போன புதிதில் நாலு சுவருக்குள்தான் அவளுடைய வாழ்க்கை. கணவர் வேலைக்குப் போனால் இரவில்தான் வருவார். அயலில் பேச ஆளில்லை. மகன் பந்துப் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் வாரத்துக்கு மூன்று மாலை வெளியே போகக் காரணம் கிடைத்தது. வெயில் தணிந்து விளக்குப் போட்ட பிறகு பயிற்சி தொடங்கும். மைதான ஓரத்தில் தாய்மார்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள்: ஒரு சூடானியப் பெண், ஒரு எகிப்துக்காரி, இரண்டு மலையாளப் பெண்கள். பிளாஸ்க்கில் தேநீர் சுற்றி வரும். "நானா, எனக்கு அரபு பேச வந்தது அந்தப் பாயிலே இருந்துதான்" என்றாள். மதரஸாவில் ஏழு வருடம் இலக்கணம் ஓதிய எனக்குச் சற்றுப் பொறாமைதான்!

ஆனாலும் கவலை அவளை விடவில்லை. "இவனுக்குப் பந்தைத் தவிர வேறு நினைப்பில்லை. படிப்பு என்னாகும்? இவனுக்கு எந்த ஊர் சொந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லையே!"

எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்து ஒரு பாதை பண்டாரவளைக்குப் போகிறது, ஒன்று வெலிமடைக்கு. இடையில் மேலே ஏறும் சின்னப் பாதைகளில் போனால் தேயிலைத் தோட்டம், அதற்குள் லயம். லயத்துக்கு மேலே சற்றே தட்டையான ஒரு நிலம். பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம். நான்கு கல் வைத்தால் இரண்டு கோல். ஒரு பக்கம் சரிவு. பந்து சரிவில் உருண்டால் தேயிலைச் செடிக்குள் புகுந்து எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அடித்தவனே இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது அங்கே சட்டம்.

முதல் நாள் மருமகன் பளபளக்கும் பூட்ஸோடு போனான். போன வேகத்தில் மூன்று தடவை கீழே இறங்கிப் பந்து பொறுக்கினான். செயற்கைப் புல்லில் பழகிய காலுக்குச் செம்மண் பிடிபடவில்லை. ஆகஸ்டில் இங்கே கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு வாசமும் விலையும் ஏற்றிவிடுகிற அதே காற்று, உயர்த்தி அடித்த பந்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடும். லயத்துப் பையன்கள் வெறுங்காலோடு பந்தைத் தரையோடு தரையாகக் கொண்டு போனார்கள். மறுநாள் இவனும் பூட்ஸைக் கழற்றிவிட்டான்.

முதலில் உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "மௌலவி வீட்டுப் பிள்ளை கால் தெரிய ஓடுகிறதா?" என்றார். முழங்காலுக்குக் கீழே இறங்கும் காற்சட்டை, மஃரிபுக்கு முன் வீடு; இரண்டே நிபந்தனை போட்டேன். ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து நின்ற செய்தியை நினைவுபடுத்தியதும் உம்மா ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் அவரே அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சட்டியோடு அனுப்பி வைத்தார்.

அந்தப் பையன்கள்தான் அவனிடம் கேட்டார்கள்: "நீ பெரியவனானா எந்த நாட்டுக்கு விளையாடுவே?" வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான். அந்த மாதம் அது வேதனையான கேள்வி. நிர்வாகத்தில் அரசியல் தலையீடு என்று சொல்லி 2023 ஜனவரியிலேயே ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி வைத்திருந்தது. தெற்காசியக் கிண்ணத்தை 1995 இல் கொழும்பில் இந்தியாவை வென்று எடுத்த நாடு! பையனுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தவர் வசீம் ராசிக். பெர்லினில் பிறந்து ஜெர்மன் கழகங்களில் வளர்ந்த இந்த இலங்கை வம்சாவளி வீரர், 2021 ஜூனில் லெபனானுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இலங்கைக்காக இரண்டு கோல் போட்டார். ஆட்டம் 3–2 என்று தோற்றாலும் அதை இவன் பல முறை பார்த்திருக்கிறான். "அவரைப் போல நானும் வரலாமா மாமா?"

வரலாம், கையில் கடதாசி இருந்தால். கத்தாரில் பிறந்ததால் மட்டும் கத்தார் பிரஜாவுரிமை கிடைத்துவிடாது. இலங்கைப் பிரஜாவுரிமையும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தானாக வந்து சேராது. வெளிநாட்டில் வாழும் சகோதரிகள் இதைக் கவனமாகப் படியுங்கள்: 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ இங்கே வந்தோ பிறப்பைப் பதிய வேண்டும். பிந்தினால் காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். முன்பெல்லாம் மண உறவில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் பிரஜாவுரிமைதான் கணக்கு. 2003 திருத்தத்திலிருந்து தாய் வழியாகவும் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் "நாளை, நாளை" என்று தள்ளிப்போட்டு, குழந்தைக்குக் கடவுச்சீட்டு எடுக்க மாதக்கணக்கில் அலைந்தது. என் தங்கை பத்திரமாகப் பதிந்திருந்தாள். பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து மகனிடம் கொடுத்தாள்.

அவன் அதைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கே ஓடிவிட்டான், பையன்களுக்குக் காட்ட! நான் பின்னால் மூச்சிரைக்கப் போனேன். லயத்து வாசலில் இருந்த ஒரு முதியவர் கையை நீட்டி அதை வாங்கி, வெகுநேரம் பார்த்தார். அவருடைய பேரனும் அந்த அணியில் ஒருவன். பிறகு உள்ளே போய்த் தன் கடதாசியைக் கொண்டு வந்தார்.

அதே 1948 சட்டம்தான் இவர்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு போட்டார்கள். இவருடைய தம்பிக்கு இந்தியக் கடதாசி வந்தது. பதுளை நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் தம்பியை அப்புறம் பார்க்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிப் பக்கம் போனதாகக் கேள்வி. இவர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் கொழுந்துச் சாக்குச் சுமந்துகொண்டே இருந்தார். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் கையில் ஒரு தாள் வந்தது. "தம்பி, இதை வெளியிலே கொண்டு வராதே" என்று மருமகனிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஃபிஃபா தடையை நீக்கியது. அதற்குள் இவர்கள் தோஹாவுக்குத் திரும்பிவிட்டார்கள். பூட்ஸ் அந்த முதியவரின் பேரனுக்குப் போனது. ஒரு விரலளவு பெரிது, பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டான். ஒக்டோபரில் யெமனோடு இலங்கை முதல் ஆட்டத்தில் 3–0 என்று தோற்று, கொழும்பில் 1–1 என்று சமன் செய்தது. தோஹாவிலிருந்து வந்த குரல் பதிவு முழுவதும் கூச்சல்தான்.

2025 நவம்பரில் டிட்வா புயல் அடித்து பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தபோது தங்கை திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள். இங்கே தொடர்பு இல்லை. மறுநாள் கிடைத்தபோது அவளிடமிருந்து தொலைபேசியை வாங்கியவன், உம்மும்மாவைக் கேட்டான், பிறகு லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் கேட்டான். பாதையெல்லாம் சேறு. ஏறிப் போய் ஒவ்வொருவரையும் கண்ணால் பார்த்து அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாளானது. எல்லோரும் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். மைதானத்தின் சரிவுப் பக்கம் பாதி போயிருந்தது. கல்லை நகர்த்தி வைத்திருந்தார்கள்.