ரன் என்றால் ஓடு

தரம் 3இல் ஆங்கில டீச்சர் சொல்லித்தந்த பொருள் அது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பல வருடங்கள் சமாளித்தேன்.

பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஆங்கிலத்தில் மூக்கும் ஓடுகிறது, தண்ணீர்க் குழாயும் ஓடுகிறது, தேர்தலில் வேட்பாளரும் ஓடுகிறார். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கு வெளியே போய் விழுந்தால் துடுப்பாட்ட வீரர் ஓரடியும் ஓட வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு ரன்! (இதை நானாவிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்காரர்கள் இந்தச் சொல் வினையாக வரும்போது மட்டும் 645 பொருள்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். 1989இல் வந்த பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் முன்னுக்கு நின்றது. அதையும் ரன் முந்திவிட்டது.

2022இல் 'எனது தந்தை' என்று ஒரு கட்டுரை எழுதினேன். முதல் வரி, 'மை ஃபாதர் ரன்ஸ் எ ஷொப்'. சொல்லுக்குச் சொல் தமிழாக்கி உம்மாவுக்கு வாசித்தேன்: "வாப்பா கடையை ஓடுகிறார்."

உம்மா சிரித்துவிட்டார். "நடத்துறார் எண்டு சொல்லுங்க மகள்."

நடத்துவது என்றால் நடக்கச் செய்வதுதானே? ஒரு கதவு, ஒரு தராசு, ஒரு கடன் கொப்பி உள்ள எங்கள் கடைக்கு ஓட்டத்தைவிட நடைதான் பொருத்தம் என்று நினைத்தேன்.

அந்த வருடம் அது நடக்கவும் இல்லை. பால்மா வரவில்லை. பெற்றோல் இல்லாததால் வாப்பா சைக்கிளில் போய்ச் சாமான் தேடினார். 'ரன் அவுட்' என்றால் கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு, கடையில் சாமான் தீர்ந்துபோவது. இரண்டும் எங்களுக்கு ஒன்றாகவே வந்தன. கடையை மூடிய அன்று வாப்பா கடன் கொப்பியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஆங்கில தினத்தில் அந்தக் கட்டுரையை வாசிக்க டீச்சர் என்னைத் தெரிவுசெய்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ரன்ஸ் இனிப் பொய். அதை இறந்தகாலமாக்க ஓர் எழுத்தை மாற்றி, ஓர் எழுத்தை அழித்தால் போதும். அழிறப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பாவிடம் கேட்டேன்.

வாப்பா கடன் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மாத்த வாணாம் மகள். ஆக்கள் இன்னும் சல்லி தர இரிக்கி. கடைதான் மூடின, கணக்கு ஓடிக்கிட்டுத்தான் இரிக்கி."

மேடையில் ரன்ஸ் என்றே வாசித்தேன். டீச்சரும் திருத்தவில்லை.