கழல மறுக்கும் பெடல்

பெசன்ட் நகர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், கடல் காற்று ஜன்னல் கம்பியோடு நிற்பதில்லை, சைக்கிளையும் தின்னும். தம்பி மகனின் கியர் சைக்கிளுக்குப் புதுப் பெடல் மாட்ட உட்கார்ந்தால் பழசு அசையவே இல்லை. கிராங்க் அலுமினியம், பெடல் அச்சு எஃகு. நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, மரைக்குள் வெள்ளைப் பொடி கட்டி, இரண்டும் இறுகிக்கொள்ளும்.

"பெரியப்பா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் தப்பா திருப்புறீங்க?" என்றான். இடது பெடலுக்கு மரை தலைகீழ்டா. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. குழப்பமே வேண்டாம்: ஸ்பேனரின் பிடி மேலே பார்த்து நிற்கட்டும். எந்தப் பக்கமானாலும் பின் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும்.

மரையில் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் கிராங்க் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். 15 மி.மீ. ஸ்பேனர், அதன் வாலில் ஒரு ஜிஐ பைப். செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிடுங்கள், ஸ்பேனர் வழுக்கினால் விரல் முட்டி தப்பும். பைப்பின் நுனியில் உடம்பைச் சாய்த்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம். அப்புறம் கையாலேயே சுற்றலாம். மரையிலிருந்து அந்த வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். மரை போனால் கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

புதுசுக்குத் தாராளமாக க்ரீஸ் தடவித்தான் மாட்டினேன். சைக்கிள் விற்கும்போதே ஒரு விரல் க்ரீஸ் வைத்து மாட்டித் தந்தால் கடைக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும்?