சீக்கியர் கொடியும் குறியும்

அமிர்தசரசில் அகால தக்தின் மருங்கே இரண்டு கொடிமரங்கள் இணைந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று மற்றதனினுஞ் சிறிது உயர்ந்தது. உயர்ந்தது 'பீரி' என்னும் அருளாட்சியையும், தாழ்ந்தது 'மீரி' என்னும் உலகாட்சியையுங் குறிப்பனவாம். ஐந்தாங் குருவாகிய அர்ஜுனதேவர் 1606இல் இலாகூரில் உயிர்நீத்தபின், அவர் மைந்தர் அரகோவிந்தர் இருவாள் தாங்கிக் குருபீடம் ஏறினர். அவ்விருவாளே இவ்விரு கொடிக்கும் மூலம். உலகாட்சி அருளுக்குக் கீழ்ப்பட்டு நிற்றல்வேண்டும் என்பதனை எழுத்தறியாதானுங் காணுமாறு மரத்தின் உயரத்தால் உணர்த்தினமை பெரிதும் நயமுடைத்து.

கொடியிற் பொறிக்கப்படும் 'கண்டா' என்னுங் குறியினும் அவ்விருவாள் இருமருங்கும் வளைந்து நிற்ப, நடுவண் இருபுறமுங் கூரிய நேர்வாளும், அதனைச் சூழ்ந்த சக்கரமும் உள. சக்கரம் ஆதியும் அந்தமும் இல்லாத பரம்பொருளைக் குறிக்கும் என்பர். இக்குறி தொன்மையானதென்றே பலருங் கருதுப. இன்று காணும் வடிவம் 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றதேயாம்.

கொடித்துணி வசந்தகால மஞ்சளாதல் சாம்பல்நீலமாதல் வேண்டுமென்பது அன்னோர் ஒழுக்கநூல் விதி. காவி பலவிடத்தும் பரவியமையின், 2024இல் அகால தக்தின்கட் கூடிய தலைவர் ஐவர் அவ்விதியை வற்புறுத்தினர். தலைப்பாகைக்கோ எல்லார்க்கும் பொதுவாக ஒரு நிறம் விதிக்கப்படவில்லை.

1699இல் ஆனந்தபூரிற் பத்தாங் குருவாகிய கோவிந்தசிங்கர் கால்சாவைத் தோற்றுவித்தனர். அதனைச் சார்ந்தார்க்கு மழியா மயிர், சீப்பு, காப்பு, குறுஞ்சல்லடம், குறுவாள் என ஐந்து குறிகள் உள. இவற்றுட் காப்பு இரும்பாலாயது. பொன்னாலாயின் அஃது அணியாய் ஒழியும். செல்வனும் வறியனும் ஒன்றனையே பூண்டலும் இயலாது. அணிந்த கை தகாதது செய்ய நீளுங்கால் முதலிற் கண்ணிற் படுவதும் அக்காப்பே.

சைவர் ஈண்டு எண்ணிப்பார்த்தற்குரியது ஒன்றுண்டு. திருவேடத்தைச் சிவமெனவே கண்டு வணங்குக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரக் கருத்து. மெய்ப்பொருணாயனார் நீறணிந்து வந்த பகைவனாற் குத்துண்டும் வணங்கி, அவனை ஊறின்றிப் போக்குவித்தனர். அக்கடன் காண்பார்மேலது. சீக்கியக் குறியோ காண்பாரை வணங்குகவென்னாது, அணிந்தானையே கட்டுகின்றது. காண்பார் கடனை ஓயாது பேசிய நம்மவர், அணிவார் கடனை மறந்தனர் போலும்! இல்லத்தில் நீறிட்டு, அலுவலகம் புகுமுன் துடைத்துக்கொள்வார் நம்முட் சிலரல்லர். மயிர் மழியாச் சீக்கியனுக்கு அங்ஙனம் துடைத்துக்கொள்ள வழியில்லை.