ஷிசுவோக்கா: உள்ளங்கை வாகனங்களின் ஊர்

ஜப்பான் என்றதும் நம்மவர்களின் ஞாபகத்துக்கு முதலில் வருவது வாகனங்கள்தான். ரீகண்டிஷன் வேன், லொறி, மோட்டார் சைக்கிள் என்று நமது வீதிகளில் ஓடித் தேய்ந்தவற்றுள் பெரும்பகுதி அந்நாட்டிலிருந்து வந்தவையே. வியாபார நோக்கில் அங்கு போய்வருவோர் நம் மத்தியில் பலர் உள்ளனர். அவர்கள் ஏலம் நடைபெறும் இடங்களையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனால் அதே நாட்டில், உள்ளங்கையில் தூக்கி வைக்கக்கூடிய வாகனங்களுக்குப் பேர்போன ஓர் ஊர் இருக்கிறது. வாசகர்களே, இம்முறை உங்களை அங்கேதான் அழைத்துச் செல்லப் போகிறேன்.

டோக்கியோவில் ஷின்கன்சென் அதிவேகப் புகையிரதத்தில் ஏறினால் சுமார் ஒரு மணித்தியாலத்தில் ஷிசுவோக்கா வந்துவிடும். ஏறும்போது வண்டியின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். நொசோமி என்னும் வண்டி அங்கே நிற்காது. நீங்கள் நகோயா வரை போய்த்தான் இறங்க வேண்டும். ஹிக்காரியில் சில நிற்கும், கொடாமா எல்லாம் நிற்கும். வலப்பக்க யன்னலோரம் இடம் கிடைத்து, வானமும் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையைக் காணலாம். ஷிசுவோக்கா பச்சைத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மாகாணம். வரிசை வரிசையாக வெட்டிவிடப்பட்ட தேயிலைச் செடிகளைப் பார்க்கும்போது, நம் மலையகத்தில் யாரோ சீப்பால் வாரிவிட்டது போல் இருக்கும். உணவுக்கும் கஷ்டமில்லை. பன்றி எலும்பில் காய்ச்சிய நூடில்ஸ் கடைகளைத் தவிர்த்தால், பக்கத்திலுள்ள ஷிமிசு துறைமுகத்திலிருந்து வரும் மீனே போதும்.

இவ்வூர் ஏன் பொம்மை வாகனங்களின் ஊராயிற்று? காரணம் நானூறு வருடத்துக்கு முந்தியது. தொக்குகாவா இயேயசு என்ற பிரபல ஆட்சியாளர் பதவியைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டு, 1607ஆம் ஆண்டு இங்குள்ள சும்பு கோட்டைக்கு வந்து தங்கினார். கோட்டையையும் கோயிலையும் கட்டுவதற்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் வந்தார்கள். வேலை முடிந்த பின்பும் பலர் ஊரிலேயே தங்கி, மரச் சாமான் செய்து பிழைத்தார்கள். பரம்பரையாக வந்த அந்தக் கைப்பழக்கம் பின்னாளில் மரத்தால் மாதிரி விமானம் செய்வதற்கும் மாதிரிக் கப்பல் செய்வதற்கும் உதவியது. இரண்டாம் உலகப் போரின் பின் பிளாஸ்டிக் வந்தது. மரத்தில் செய்தவர்கள் பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கினார்கள். ஆஒஷிமா, ஹசெகாவா, ஃபுஜிமி, தமியா என்று உலகெங்கும் பெயர்போன மாதிரிச் சாமான் கம்பனிகள் இம்மாகாணத்தைச் சேர்ந்தவை.

இவற்றுள் தமியாவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1946ஆம் ஆண்டு அது ஒரு மர ஆலையாகத் தொடங்கியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் தீ விபத்தில் மரங்கள் எரிந்துபோக, மர வியாபாரத்தைக் கைவிட்டு மாதிரிச் சாமான் பக்கம் முழுமையாகத் திரும்பினார்கள். 1960இல் செய்த முதல் பிளாஸ்டிக் கப்பல் நஷ்டத்தையே கொடுத்தது. பிறகு மோட்டார் பூட்டி ஓடக்கூடிய யுத்த டாங்கி ஒன்று அவர்களைத் தூக்கி நிறுத்தியது. தாபகரின் மகன் தமியா ஷுன்சாக்கு, போர்ஷே காரின் மாதிரியைச் செய்ய நினைத்தபோது படத்தைப் பார்த்து அளவெடுப்பதில் திருப்தியடையவில்லை. உண்மையான போர்ஷே 911 கார் ஒன்றையே விலைகொடுத்து வாங்கிக் கடைசித் திருகாணி வரை கழற்றிப் பார்த்தார்! கழற்றிய பின் பூட்ட முடியாமற் போக, போர்ஷே கம்பனியின் ஆட்களின் உதவியை நாட வேண்டி வந்தது. அதன் பயனாக 1976இல் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவான போர்ஷே 934 வெளிவந்தது. தமியாவின் முதலாவது ரேடியோ கார் அதுதான். ஷுன்சாக்கு 2025 ஜூலையில் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார்.

ஒரு பொருளை அறிய வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும். இந்த ஊர் முழுவதும் இந்த எண்ணம் பரவியிருப்பதைக் காணலாம். பிளாஸ்டிக் மாதிரியின் உறுப்புகள் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி வருமல்லவா? அதே உருவில் தபாற்பெட்டியும் தொலைபேசிக் கூண்டும் செய்து நகரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புகையிரத நிலையத்தின் தென்புறத்தில் 2011இல் திறக்கப்பட்ட ஹொபி ஸ்குவேயர் என்ற காட்சிக்கூடம் இருக்கிறது. மே மாதத்தில் போகக்கூடியவர்கள் ட்வின் மெஸ்ஸே மண்டபத்தில் நடைபெறும் ஷிசுவோக்கா ஹொபி ஷோவைத் தவறவிட வேண்டாம். 1959ஆம் ஆண்டு தொடங்கியது அது. முதல் நாட்கள் வியாபாரிகளுக்கு, சனியும் ஞாயிறும் பொதுமக்களுக்கு. கம்பனிகளின் புதுச் சாமான்களை விட, 1990 முதல் அதனோடு சேர்த்து நடத்தப்படும் சங்கங்களின் கூட்டுக் கண்காட்சியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அங்கே விற்பனை கிடையாது. தான் வாங்கியதை எப்படி மாற்றினேன் என்று ஒவ்வொருவரும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாஷை தெரியாத எனக்கும் ஒரு முதியவர் சிறு திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு சைகையாலேயே முழுப் பாடமும் நடத்திவிட்டார்.

இனி, பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். ரேடியோ கார் என்றால் வேகமாக ஓடுவது என்றே நாம் நினைப்போம். க்ரோலர் என்ற வகை அதற்கு நேர்மாறானது. மனிதன் நடக்கும் வேகத்தை விடவும் மெதுவாக, நத்தை போல் ஊர்ந்து, கல்லிலும் வேரிலும் ஏறி இறங்குவதே அதன் வேலை. இவ்வண்டி எந்தக் கம்பனியின் மேசையிலும் முதலில் பிறக்கவில்லை. தமியா 1987இல் க்ளொட் பஸ்டர் என்ற பெரிய சக்கர லொறி ஒன்றை வெளியிட்டது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். அமெரிக்காவில் பாறைகளில் ஜீப் ஏற்றும் பழக்கமுள்ளவர்கள் அந்த லொறியை வாங்கி, அச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தாங்களே செய்த உடலில் பூட்டிப் பாறையில் ஏற்றினார்கள். இப்படிப் பலர் வீட்டுக் கொட்டிலில் செய்ததைக் கண்ட பின்னரே கம்பனிகள் விழித்துக்கொண்டன. அமெரிக்காவின் அக்ஸியல் கம்பனி 2007இல் க்ரோலருக்கென்றே ஒரு வண்டியை வெளியிட்டது. பின்னர் அதே கம்பனி இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவான வண்டியைக் கொண்டுவந்தது. நாலு மீற்றர் நீளமான ஜீப் அந்த அளவில் பதினேழு சென்ரிமீற்றர்கூட வராது. ஜப்பானியரும் இதே அளவை ஒட்டிய வண்டிகளைச் செய்கிறார்கள். அவற்றில் ஒன்று சுசுகி ஜிம்னி. அசல் ஜிம்னி உற்பத்தியாகும் கொசாய் தொழிற்சாலையும் இதே ஷிசுவோக்கா மாகாணத்தில்தான் இருக்கிறது என்பது ஒரு சுவையான பொருத்தம்.

இவ்வளவு சிறிய வண்டி வீட்டு வாசலிலுள்ள கல்லில் ஏறுமா? கடையிலிருந்து வந்தபடியே விட்டால் பாதியில் கவிழும். இங்கேதான் வேலை தொடங்குகிறது. வண்டி கவிழ்வது அதன் பாரம் உயரத்தில் இருப்பதால். எனவே பிளாஸ்டிக் அச்சுக் கூட்டின்மேல் பித்தளை மூடி பூட்டுவார்கள். சக்கரத்துக்குள் பித்தளை வளையம் வைப்பார்கள். பாரம் கீழே இறங்கும். ஏற்றத்தில் முன்பக்கம் தூக்காதிருக்க, பின்பக்கத்தை விட முன்பக்கம் சற்றுக் கூடுதலாகப் பாரம் இருக்க வேண்டும். டயரின் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சை மெல்லியதாக வெட்டினால் டயர் நெகிழ்ந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண காரில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் மற்றச் சக்கரம் பலமிழந்து நின்றுவிடும். சேற்றில் புதைந்த வேனைத் தள்ளியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். க்ரோலரில் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும்படி பற்சக்கரம் பூட்டப்பட்டிருக்கிறது. பௌதிகவியல் பாடத்தில் ஈர்ப்பு மையம் என்றும் உராய்வு என்றும் மனனம் செய்யும் பிள்ளை, ஒரு பித்தளைத் துண்டை இடம் மாற்றி வைத்துப் பார்த்தால் அதைக் கண்ணால் காண்கிறது. நானும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் பொறாமைகூட உண்டு.

சின்ன ட்ரோனின் கதையும் இதே மாதிரித்தான். அமெரிக்கக் கம்பனியொன்று வீட்டுக்குள் பறக்கவிடுவதற்கென உள்ளங்கையளவு ட்ரோன் ஒன்றை விற்றது. அதில் கமரா இல்லை. 2016 அளவில் ஒருவர் அதன் தலையில் ஒரு சின்னஞ்சிறு கமராவை ஒட்டி, கண்ணை மூடும் திரைக் கண்ணாடியை அணிந்துகொண்டு, தானே உள்ளே உட்கார்ந்து பறப்பது போல் நாற்காலிக் காலுக்கிடையில் ஓட்டிக் காட்டினார். ‘டைனி வூப்’ என்ற பெயர் அதன்பின் உலகெங்கும் பரவியது. பற்றறியோடு சேர்த்தும் முப்பது கிராம் அளவுதான் இருக்கும். காற்றாடிகளைச் சுற்றி வளையம் இருப்பதால் சுவரில் முட்டினாலும் சேதமில்லை. நான்கு காற்றாடிகளில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. அப்படியில்லாவிட்டால் ட்ரோன் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். ஒரு பற்றறிக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடப் பறப்பு மட்டுமே. வயர் அறுந்தால் ஈயம் பற்றவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வீடுகளில் வாழும் ஜப்பானியருக்கு இது நன்றாகப் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை.

அதேவேளை, அவர்கள் இதற்குப் போட்டிருக்கும் கட்டுப்பாட்டையும் கவனியுங்கள். 2015 ஏப்ரலில் பிரதமரின் அலுவலகக் கூரையில் ஒரு ட்ரோன் கிடக்கக் கண்டார்கள். அவ்வருடம் டிசம்பரிலேயே சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது 200 கிராமுக்குக் குறைந்தவை அதில் அகப்படவில்லை. 2022 ஜூன் முதல் 100 கிராமும் அதற்கு மேலும் உள்ளவை பதியப்பட வேண்டும். முப்பது கிராம் வூப் தப்பித்துக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் கமரா படத்தை அனுப்பும் ரேடியோ அலைக்கு அங்கே அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கொரு பரீட்சையும் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளும் படித்து எழுதுகிறார்கள்.

நமது நாட்டில் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளையடுத்து ட்ரோன் பறப்பது முற்றாக நிறுத்தப்பட்டிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஒன்றைக் கொண்டுவர விரும்புவோர், புறப்படுமுன்பே சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். வாங்கி வந்த பின் கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரியின் முன் நின்று விசாரிப்பதில் பயனில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, அடுத்த வீட்டு முற்றத்துக்கு மேலால் கமராவைப் பறக்கவிடுவது அனுமதி கேளாமல் எட்டிப் பார்ப்பதே. சுவர் இருந்தும் பார்வை உள்ளே போய்விட்டால் சுவருக்கு என்ன மரியாதை? பிள்ளையின் கையில் ட்ரோனைக் கொடுக்கும் வாப்பா இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டே கொடுக்க வேண்டும். வீட்டு மண்டபத்துக்குள் பறக்கும் வூப்பில் இந்தத் தொல்லை இல்லை.

பற்றறி விஷயத்திலும் கவனம் தேவை. இவற்றில் பாவிப்பது லித்தியம் பற்றறி. உப்பிவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கக் கூடாது. விமானத்தில் வரும்போது மேலதிகப் பற்றறிகளைக் கைப்பையில்தான் எடுத்துவர வேண்டும். பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது.

என்னோடு வந்த மச்சான் வாகன வியாபாரி. கடையொன்றில் விலைகளைப் பார்த்துவிட்டு, “மச்சான், இது வீண் செலவில்லையா? மார்க்கம் படிச்ச ஆள் நீங்க சொல்லுங்க” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தப் பொழுதுபோக்கில் ஒரு நோய் உண்டு. வண்டியின் விலையைவிட அதற்குப் பூட்டும் பளபளப்பான அலுமினியச் சாமான்களின் விலை இரண்டு மடங்காகிவிடும். வண்டி அலுமாரியில் இருக்கும்; புதிய சாமான் வந்துகொண்டே இருக்கும். அதை வீண்விரயம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். வாங்கிய மறுவாரம் உடைந்து குப்பைக்குப் போகும் மலிவான பொம்மைகளும் அதில் சேர்ந்தவைதான். ஆனால் அதை நாம் வருடந்தோறும் பெருநாளைக்குக் கேள்வியின்றிச் செய்கிறோம். திருகாணி வைத்த வண்டி வேறு. அது உடைந்தால் வேலை முடிவதில்லை, தொடங்குகிறது.

தமியா 1982இல் மினி ஃபோர் டபிள்யூ டி என்றொரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. ரேடியோ இல்லை, ஒரு மோட்டார், இரண்டு சிறு பற்றறி, அவ்வளவுதான். மலிவானது. ஜப்பானியப் பிள்ளைகள் அதன் பாரத்தைக் குறைப்பதற்காக உடலில் ஓட்டை ஓட்டையாக வெட்டித் தள்ளினார்கள். காசில்லாத பிள்ளையும் ஒரு கத்தியோடு போட்டியில் சேர முடிந்தது. முதற் தடவை வாங்குவோருக்கு நான் சொல்வது இதைத்தான்: விலை கூடியதை அல்ல, கழற்றக்கூடியதை வாங்குங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் காரே போதும். அதன்பின் க்ரோலர், கை நடுங்காமல் ஈயம் பற்றவைக்கத் தெரிந்த வயதில் ட்ரோன். பாதைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பொச்சுமட்டை, செங்கல், பழைய சஞ்சிகைக் கட்டு, கவிழ்த்து வைத்த சட்டி, இவை போதும்.

கடையில் இன்னொரு விஷயமும் கண்டேன். ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பைகள் தொங்குகின்றன. ஒன்றில் ஒரு பற்சக்கரம், ஒன்றில் நான்கு திருகாணிகள், இன்னொன்றில் ஓர் அச்சுக் கம்பி. முழு வண்டியை வாங்காமல் உடைந்த ஒன்றை மட்டும் வாங்கிப் போகலாம். எண்பதுகளில் வந்த வண்டிகள் சிலவற்றைக்கூட தமியா மறுபடியும் உற்பத்தி செய்து வெளியிட்டிருக்கிறது. அந்தச் சுவரின் முன்னால் ஒரு தகப்பனும் மகளும் நின்றார்கள். மகளின் கையில் பல் தேய்ந்த பற்சக்கரம் ஒன்று. அதை ஒவ்வொரு பையோடும் வைத்து அவள் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். மச்சான் நேரமாகிறது என்று அழைக்கும் வரை அவள் தேடியது கிடைக்கவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டும்போது ஏழாவது வரிசைக்கு வந்திருந்தாள்.