நஞ்சுக்கொடி விழும் நேரம்

எங்கள் பசு சிவப்பி மூன்றாம் ஈத்துக் கன்றை விடியற்காலையில் ஈன்றது. பொழுது சாய்ந்தும் நஞ்சுக்கொடி விழவில்லை. கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார் ஒருவர், கைவிட்டு இழுக்கச் சொன்னார் இன்னொருவர். இரண்டும் கருப்பையைப் புண்ணாக்கும் என்பதால் மருத்துவரை அழைத்தேன். பத்து நாளில் மடிநோயும் வந்தது. அந்த ஈத்து முழுக்கப் பால் ஏறவே இல்லை.

அதன் கண்ணோரத்து முடி பல மாதங்களாகவே வெளுத்து, வளையம் போட்டிருந்தது. வயதென்று நினைத்திருந்தேன். மருத்துவர்தான் அதைத் தொட்டுக் காட்டி, "தாமிரம் குறைஞ்சா இப்படி ஆகும்" என்றார்.

எங்கள் ஊரான படப்பையில் மேய்ச்சல் நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. வைக்கோலும் தவிடும்தான் மாட்டுக்கு. வைக்கோலில் வயிறு நிரம்பும். துத்தநாகமும் தாமிரமும் செலினியமும் நிரம்பாது. பச்சைப் புல்லில் இருக்கும் வைட்டமின் ஈ காய்ந்த தாளில் தங்காது.

நஞ்சுக்கொடியைக் கருப்பையிலிருந்து பிரித்துவிடுவதில் மாட்டின் வெள்ளையணுக்களுக்குப் பெரிய பங்குண்டு. மடிக்குள் நுழையும் கிருமியோடு போராடுபவையும் அவைதான். கிருமியைக் கொல்ல அவை உண்டாக்கும் ஆக்சிஜன் நச்சு, அடங்காவிட்டால் அவற்றையே அரிக்கும். அதை அடக்கும் நொதிகளில் ஒன்றுக்குச் செலினியம் வேண்டும் என்று 1973இல் கண்டுபிடித்தார்கள். இன்னொன்றுக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும். கன்று ஈனும் வேளையில் வைட்டமின் ஈ சீம்பாலுக்குள் போய்விடுவதால், ரத்தத்தில் அது குறைந்துபோகிற நேரமும் அதுவே. ஆகவே நஞ்சுக்கொடி விழுவதற்கான வேலை, கன்று தரையைத் தொடுவதற்கு வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது.

அந்த ஈத்துக்குப் பிறகு சினை மாட்டுக்குத் தாது உப்புக் கலவையை ஒருநாளும் விட்டதில்லை. கழுநீரில் கொட்டினால் தொட்டியின் அடியில் படிந்துவிடும். ஈரத் தவிட்டில் பிசைந்து வைக்கிறேன். தராசில் 50 கிராம் நிறுத்து, ஒரு டம்ளரில் கோடு கீறி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் போடமாட்டேன். பத்துக் கிலோ உலர்தீவனம் தின்னும் பசுவுக்கு ஒருநாளைக்கு வேண்டிய செலினியம் ஏறக்குறைய 3 மில்லிகிராம்தான். மிகுந்தால் அதுவே நஞ்சு. ஊசியாகப் போடுவதை மருத்துவர் கையில் விட்டுவிட வேண்டும்.

அடுத்த ஈத்தில் சிவப்பிக்கு நான்கு மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்தது. ஒரு மாட்டை வைத்து நான் சட்டம் பேசவில்லை. ஆனால் கண்ணோர முடி மறுபடி சிவந்ததையும் பார்த்தேன்.

நம் பக்கத்தில் காட்டுப்பாக்கத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சினை மாடு வைத்திருப்பவர்கள் பால் வற்றவிடும் நாளிலேயே அங்கே போய்க் கேளுங்கள். கன்று விழுந்தபின் ஓடாதீர்கள்.