வலிக்குதா? வேலூர்ல கேளுங்க!

'தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை'ன்னு வேலூரைக் கிண்டல் பண்றது பழைய வழக்கம். காலையில் ஆறு மணிக்கு அந்தக் கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்க. அகழி ஓரமா வாக்கிங், ஜாகிங், மைதானத்தில் கிரிக்கெட் என்று ராஜா இல்லாத குறையே தெரியாது!

டிசம்பர் மாசம் ஒருநாள் நானும் ஓடக் கிளம்பினேன். வேலூர்லயும் குளிரும், நம்புங்க. பைக்கை நிறுத்திய கையோடு குனிந்து கால் கட்டை விரலைத் தொட முயற்சி. எட்டவில்லை. விடுவேனா? உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி எட்டிப் பிடித்தேன். தொடைக்குப் பின்னால் 'சுரீர்'! அதோடு நிறுத்தியிருக்கலாம். 'வலிச்சாத்தான் பலன்' என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு ரவுண்டு வேறு ஓடினேன். மூன்று வாரம் மாடிப்படியைப் பார்த்தாலே பயம்.

நொண்டிக்கிட்டே ஆம்பூருக்குப் போனேன் (பிரியாணிக்கு லீவு கிடையாது பாஸ்!). அங்கே ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் கதையைக் கேட்டுச் சிரித்தான். ஷூவின் மேல்பகுதிக்கு 'அப்பர்' என்று பெயர். அதை 'லாஸ்ட்' எனும் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்துவதற்கு முன், சூடும் ஈரமும் கொடுத்துத் தோலைப் பதமாக்குவார்கள். "காஞ்ச தோலை வெடுக்குனு இழுத்தா வெடிச்சிடும் மச்சி. உன் காலுக்கு மட்டும் தனி ரூலா?" என்றான்.

முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி என்னன்னா, தசைக்கு உயிர் இருக்கு. திடீரென்று இழுத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது எதிர்த்துச் சுருங்கும். குலுக்கிக் குலுக்கி ஸ்ட்ரெச் பண்ணக் கூடாது என்பது இதனால்தான். முதலில் 5 முதல் 10 நிமிடம் வேக நடை. உடம்பு சூடானதும் கை, காலை மெதுவாக வீசலாம். அசையாமல் நின்று இழுத்துப் பிடிப்பதை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். 15 முதல் 30 விநாடி போதும், மூச்சை அடக்காமல். லேசான இறுக்கம் ஓகே. குத்துற மாதிரி வலித்தால், மரத்துப்போனால் உடனே ஸ்டாப்!

வலியின் அருமை தெரியணுமா? காட்பாடி பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். கரிகிரியிலும் வேலை பார்த்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்பட்டு, அந்தக் காயத்தோடு வேலை செய்வதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் பிராண்ட். துருப்பிடித்த பூட்டைத் திறக்க ஒரு சிறுவன் சாவியைத் திருகியதில் விரல் எலும்புவரை கிழிந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை! உணர்ச்சியற்ற பாதங்களுக்காக மெத்தென்ற ரப்பர் செருப்புகளும் இங்கே தயாரானது. செருப்புக்கும் நம்ம ஏரியாவுக்கும் அப்படியொரு பந்தம்.

அவர்களுக்குக் கிடைக்காத எச்சரிக்கை மணி எனக்கு நல்லாவே அடிச்சது. நான்தான் காதைப் பொத்திக்கிட்டேன்.

வலி வந்தால் போர்த்திக்கொண்டு படுக்கணுமா? நம்ம சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கத்தைக் கேளுங்க. தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்று தொடையில் காயம். அது முழுசா ஆறாத நிலையில் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் இறங்கினார். 144-ம் 173-ம் சேர்த்து 317 கிலோ. தங்கம் உறுதியானதும் கடைசித் தூக்கலை அவர் முயற்சிக்கவே இல்லை!

இப்போ கோட்டையில் என் முதல் ரவுண்டு நடைதான். என்னை முந்திப் போகும் தாத்தாக்கள் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்!